மருந்து ஸ்டென்ட்டுக்காக அப்பாவைக் காக்க வைக்கலாமா?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் புதுக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு 66 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாதத்துக்கும் மேலாக மஞ்சள் காமாலை. முதலில் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தோம். அரிப்பு தாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். திருச்சியில் ஸ்கேன் எடுத்ததில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்றும், பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருப்பதால் இப்போதைக்கு ஆபரேஷன் முடியாது என்றும் சொன்னார்கள். வேறு எங்கும் பரவவில்லையாம். பயாப்சியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. பிலிருபின் 17. வாய் வழியாகக் குழாய் விட்டு ஸ்டென்ட் வைத்துவிட்டு அப்புறம் கீமோ கொடுக்கலாம் என்கிறார் அங்கே பார்க்கிற டாக்டர். சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன், "கேன்சர் மருந்தை அந்த இடத்திலேயே விடுகிற ஸ்டென்ட் வந்திருக்கிறது. அதை வைத்தால் கீமோவே தேவைப்படாது. நான் விசாரித்துச் சொல்லும்வரை சாதா ஸ்டென்ட் வைக்காதீர்கள்" என்கிறார். இப்படியே பதினைந்து நாள் போய்விட்டது. அந்த ஸ்டென்ட்டுக்காகக் காத்திருக்கலாமா? இந்தியாவில் கிடைக்குமா? அப்பாவிடம் பித்தப்பையில் கல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே திருச்சி டாக்டரிடம் தேதி வாங்குங்கள். காரணங்களைக் கீழே எழுதுகிறேன். ஆனால் அவற்றைப் படித்து முடிப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பிலிருபின் என்பது காமாலையில் ரத்தத்தில் ஏறுகிற மஞ்சள் பொருள். அது 17 என்றால் வெறும் மஞ்சள் நிறம் இல்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் குடலுக்குப் போகிற வழி அடைபட்டு, ரத்தத்துக்குள் திரும்பி வருகிறது. அரிப்பு அதனால்தான். பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படும் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும். தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்துவிட்டால் குளிர்க்காய்ச்சல் வந்து ஒரே ராத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். சிறுநீரகமும் சேர்ந்து அடிவாங்கும். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், பிலிருபின் இறங்காமல் கீமோ தொடங்க முடியாது. ஆக, அந்தப் பதினைந்து நாளும் புற்றுநோய் சிகிச்சையிலிருந்தே கழிந்த நாட்கள்.

கீழாநெல்லி கொடுத்ததற்காக உங்களை நான் குறை சொல்லப் போவதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். மற்ற வாசகர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். காமாலையோடு அரிப்பும் இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால் அது பெரும்பாலும் குழாய் அடைப்பு. அதற்கு எந்தப் பச்சிலையும் பத்தியமும் உதவாது. முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சரி, ஸ்டென்ட்டுக்கு வருவோம்.

கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்துதான் பித்தநாளம் குடலில் சேர்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் நாளத்தை வெளியிலிருந்து நசுக்கும். எண்டோஸ்கோப்பை வாய் வழியாகச் சிறுகுடலின் தொடக்கம் வரை இறக்கி, பித்தநாளத்தின் வாய்க்குள் மெல்லிய கம்பியை ஏற்றி, அதன் மேலேயே ஒரு குழாயை நகர்த்தி அடைப்பைத் தாண்டி நிறுத்துகிறோம். இதைத்தான் ஈ.ஆர்.சி.பி. என்கிறோம். பிளாஸ்டிக் ஸ்டென்ட்டில் நாங்கள் வழக்கமாக வைக்கும் பெரியதே சுமார் 3.3 மில்லிமீட்டர்தான், பேனா ரீஃபில் கனம். மூன்று மாத அளவில் பித்தக் கசடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும். உலோக ஸ்டென்ட் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் பின்னிய வலை. சுருட்டி உறைக்குள் வைத்த நிலையில் அதுவும் மெல்லியதாகத்தான் உள்ளே போகும். உறையை இழுத்ததும் தன் பழைய வடிவத்தை நினைவு வைத்துக்கொண்டு 10 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரியும். அதனால் பல மாதங்கள் தாங்கும். ஸ்டென்ட் என்ற சொல்லுக்கும் இதற்கும் ஆரம்பத்தில் ஒரு தொடர்பும் இல்லை. சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பல் மருத்துவர். பல்லுக்கு அச்செடுக்க அவர் செய்த பசைக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு உடம்புக்குள் எதையாவது தாங்கி நிறுத்தும் பொருளுக்கெல்லாம் அந்தப் பெயர் பரவிவிட்டது.

உலோக வலையிலும் ஒரு குறை இருக்கிறது. வலைக்கண்கள் வழியாகக் கட்டி உள்ளே வளர்ந்து வரும். அதைத் தடுக்க வலைக்கு மேல் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தினார்கள். அப்போது உள்ளே வளர்வது குறைந்தது, ஆனால் பிடிமானமும் குறைந்து ஸ்டென்ட் இடம் நழுவ ஆரம்பித்தது. அடுத்த யோசனையாக, சவ்வு போர்த்துவதுதான் போர்த்துகிறோம், அதிலேயே புற்றுநோய் மருந்தை ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்டார்கள். உங்கள் அண்ணன் சொல்வது இதைத்தான். அவர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. அப்படி ஒரு ஸ்டென்ட் உண்டு, மனிதர்களுக்கு வைத்தும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த யோசனை இதய மருத்துவத்திலிருந்து வந்தது. மாரடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டில் சதை வளர்ந்து மறுபடி அடைப்பது பெரிய தலைவலியாக இருந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டை அமெரிக்காவில் 2003இல் அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு அனுமதி பெற்றதில் பூசப்பட்டிருந்த மருந்து பேக்லிடாக்சல். அது அடிப்படையில் புற்றுநோய் மருந்துதான். 1962இல் அமெரிக்காவின் மேற்குக் கரைக் காட்டில் யூ என்ற மரத்தின் பட்டையை ஆராய்ச்சிக்காகச் சேகரித்தார்கள். அதிலிருந்த பொருளைப் பிரித்து அதன் அமைப்பை 1971இல் வெளியிட்டவர்கள் மன்றோ வால், மன்சுக் வானி இருவரும். வானி மகாராஷ்டிரத்து நந்தூர்பாரில் பிறந்தவர். நம் ஊர் கீமோ வார்டுகளில் தினமும் சொட்டுச் சொட்டாக இறங்குகிற அந்த மருந்துக்குப் பின்னால் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அந்த மருந்து செல் இரண்டாகப் பிரிகிற சமயத்தில் அதன் உள்சட்டகத்தை இறுகப் பிடித்து நிறுத்திவிடும், செல்லால் பிரிய முடியாது.

இதயத்தில் நன்றாக வேலை செய்த மருந்து பித்தநாளத்தில் ஏன் செய்யக் கூடாது? இந்தக் கேள்வியோடு அதிகமாக உழைத்தவர்கள் தென்கொரிய மருத்துவர்கள். பேக்லிடாக்சல் ஏற்றிய சவ்வு போர்த்திய உலோக ஸ்டென்ட்டை முதலில் பன்றிகளுக்கு, பிறகு சிறு எண்ணிக்கையில் நோயாளிகளுக்கு வைத்தார்கள். பாதுகாப்பாகத்தான் இருந்தது. 2011இலும் 2013இலும் வெளியான ஆய்வுகளில் மருந்துள்ள ஸ்டென்ட்டையும் மருந்தில்லாத, சவ்வு போர்த்திய ஸ்டென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அடைபடாமல் இருந்த காலத்திலும் சரி, நோயாளிகள் வாழ்ந்த காலத்திலும் சரி, சொல்லிக்கொள்கிற வித்தியாசம் வரவில்லை. மருந்து இன்னும் நன்றாக உள்ளே ஊடுருவ வேறு பொருள்களைச் சேர்த்து அடுத்தடுத்த தலைமுறை ஸ்டென்ட்கள் செய்தார்கள், இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இன்றைக்கு வைக்கக்கூடிய சாதாரண உலோக ஸ்டென்ட்டைவிட அது மேல் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கீமோவே வேண்டாம் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அண்ணன் அடுத்த வாரம் இன்னொரு புதுக் கருவியின் பெயரோடு வருவார்.

இதயக் குழாயில் மருந்து தடுக்க வேண்டியது குழாய்ச் சுவரில் வளர்கிற மெல்லிய படலத்தை. அது நல்ல செல்தான், காயம் ஆறுகிற வேகத்தில் அளவுக்கு மீறி வளர்கிறது, அவ்வளவுதான். சில மாதம் அதை அடக்கி வைத்தால் போதும். உங்கள் அப்பாவுக்கு இருப்பது மூன்று நான்கு சென்டிமீட்டர் கட்டியாக இருக்கலாம். ஸ்டென்ட் அதன் ஒரு ஓரத்தில் ஓடுகிற குழாய்க்குள் நிற்கிறது. சவ்வில் இருந்து கசியும் மருந்து சுவரைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் போனாலே பெரிது. அதிலும் கணையப் புற்றுக்கட்டி மற்றக் கட்டிகளைப் போல இருக்காது. செல்களைச் சுற்றி நார் மண்டி, கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும். ரத்தம் வழியாக வருகிற மருந்தே அதற்குள் போகத் திணறும். ஓரத்தில் நின்று கசிகிற மருந்து எம்மாத்திரம்! போதாக்குறைக்கு பித்தநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி. கொழுப்பைக் கரைப்பதுதான் அதன் தொழில், பேக்லிடாக்சலோ கொழுப்பில் கரைகிற மருந்து. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் ஓடுகிற வாய்க்காலில் மருந்தைப் பூசி வைத்தால் அது கட்டிக்குள் போவதைவிடக் குடலுக்குள் அடித்துச் செல்லப்படுவதுதான் அதிகம். சரி, மருந்தைக் கூட்டினால்? பித்தநாளத்தின் சுவரே புண்ணாகிறது. விலங்குகளிடம் இதைப் பார்த்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். கணையப் புற்றுநோயில் ஆபத்து அந்த ஒரு அடைப்பில் மட்டும் இல்லை. ஸ்கேனில் வேறு எங்கும் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் ரத்தத்தில் வெளியேறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே உடம்பு முழுவதும் போகிற மருந்து வேண்டும். அண்ணன் தேடுகிற அதே பேக்லிடாக்சல் நம் ஊரிலேயே நரம்பு ஊசி வழியாகக் கிடைக்கிறது. அல்புமின் புரதத்தோடு கட்டிய வடிவில், ஜெம்சிடபின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களைவிட இரண்டும் சேர்த்துப் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். அவர்கள் நோய் பரவியவர்கள். நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற இன்னொரு முறையும் இருக்கிறது. கொஞ்சம் கடுமையானது, உடம்பு தெம்பாக இருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். உங்கள் அப்பாவைப் போல ரத்தக்குழாயைப் பிடித்து நிற்கிற கட்டி சிலருக்கு இந்த மருந்துகளில் சுருங்கி, பிறகு ஆபரேஷன் செய்யும் நிலைக்கும் வருவதுண்டு. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. 'இப்போதைக்கு முடியாது' என்று டாக்டர் சொன்னதில் அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபோல்ஃபிரினாக்ஸில் உள்ள இரினோடிகான் என்ற மருந்தைக் கல்லீரல்தான் பித்தநீர் வழியாக வெளியேற்றுகிறது. வழி அடைத்திருக்கும்போது கொடுத்தால் மருந்து உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும். பேக்லிடாக்சலுக்கும் கல்லீரல் சரியாக இருந்தாக வேண்டும். சாதா ஸ்டென்ட் என்று அண்ணன் ஒதுக்கியது இந்த மருந்துகளுக்கெல்லாம் கதவைத் திறக்கிற சாவி. வைத்த பிறகு அரிப்பு சில நாளில் குறையும். பிலிருபின் சாதாரண அளவுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதனால்தான் நாள் கடத்தாதீர்கள் என்கிறேன்.

மருந்துக்குப் பதில் கதிர்வீச்சு விதைகளை ஏற்றிய ஸ்டென்ட் என்று ஒன்று சீனாவில் உண்டு. அண்ணன் படித்தது அதுவாகவும் இருக்கலாம். அயோடின்-125 என்ற பொருள், சுமார் 60 நாளில் பாதி வீரியம் குறையும். உணவுக்குழாய் புற்றுநோயால் விழுங்க முடியாத 160 பேரிடம் செய்த ஆய்வை 2014இல் வெளியிட்டார்கள். சாதா ஸ்டென்ட் வைத்தவர்களின் இடைநிலை ஆயுள் (அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம்) 147 நாள், விதை ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு 177 நாள். பித்தநாள அடைப்பிலும் அங்கே பெரிய ஆய்வு செய்து நல்ல பலன் காட்டியிருக்கிறார்கள். மருந்தைவிடக் கதிர்வீச்சுக்கு எட்டும் தூரம் அதிகம் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆனாலும் அந்த 30 நாள் வித்தியாசத்துக்காக இங்கே ஒருவரை மஞ்சளோடு ஒரு மாதம் படுக்க வைத்துக் காத்திருப்பது கணக்குக்கு ஒத்து வராது.

புதுச் சிகிச்சைகளைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பித்தநாளப் புற்றுநோயில் ஒளியால் செல்களைக் கொல்லும் முறை ஒன்று வந்தது. நோயாளிக்கு ஒரு மருந்தை ஏற்றிவிட்டு, நாளத்துக்குள் லேசர் ஒளி பாய்ச்சுவார்கள், பிறகு ஸ்டென்ட் வைப்பார்கள். 2003இல் ஜெர்மனியிலிருந்து 39 பேரிடம் நடந்த ஆய்வு வந்தது. ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் 98 நாள், ஒளியும் சேர்த்துப் பெற்றவர்கள் 493 நாள். படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நாமும் இந்தக் கருவியை வாங்க வேண்டும் என்று சக மருத்துவர்களைப் போட்டு நச்சரித்தேன். நல்ல வேளை, பணம் இல்லை. பிரிட்டனில் 92 பேரிடம் அதையே முறையாகச் செய்து பார்த்தபோது ஒளி பெற்றவர்கள்தான் குறைவாக வாழ்ந்தார்கள். அன்றிலிருந்து ஒற்றை ஆய்வைப் படித்துவிட்டு யாரிடமும் வாய் திறப்பதில்லை.

அந்த இடத்திலேயே மருந்து என்ற எண்ணமே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம் பொருத்தமாக இருந்தால் அது நன்றாக வேலை செய்கிறது. மூளைக் கட்டியை எடுத்த குழியில் வைக்கிற மருந்துத் தகடு அமெரிக்காவில் 1996லேயே அனுமதி பெற்றது. சிறுநீரகத்தின் உட்குழிவில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு உள்ளே ஊற்றிக் கெட்டியாகிற மருந்துக் களிம்பு 2020இல் வந்தது. சிறுநீர்ப்பைக்குள் தங்கி ஜெம்சிடபினை மெல்ல விடுகிற சிறு கருவியை அங்கே 2025இல் அனுமதித்திருக்கிறார்கள். இந்த மூன்றிலும் மருந்து போக வேண்டிய தூரம் குறைவு. சிறுநீர்ப்பையிலும் சிறுநீரக உட்குழிவிலும் நோய் உள்தோலில் மட்டும் இருக்கும். மருந்தும் அங்கேயே தேங்கி நிற்கும். கணையக் கட்டியில் இந்த வசதி ஒன்றுகூடக் கிடையாது.

இந்தியாவில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பித்தநாளத்துக்கான மருந்து ஸ்டென்ட் இங்கே வழக்கமான சிகிச்சையில் இல்லை. யாராவது "எங்களிடம் இருக்கிறது, இத்தனை லட்சம்" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது ஆராய்ச்சியா, சிகிச்சையா? ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? 2009லிருந்து அந்தப் பதிவு கட்டாயம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முறையான ஆராய்ச்சியில் சோதனைப் பொருளுக்கு நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் மொழியில் எழுதிய சம்மதப் படிவமும் இருக்க வேண்டும். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பண விஷயத்தில் இன்னொன்று. இதய ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை உச்சவரம்பு வைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அது இதய ஸ்டென்ட்டுக்கு மட்டும்தான். பித்தநாள உலோக ஸ்டென்ட் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் எந்த ஸ்டென்ட்டுக்கு எவ்வளவு வரை, கீமோவுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா போக்குவரத்துக் கழக ஓய்வூதியக்காரர் என்றால் அந்த வழியில் மருத்துவக் காப்பீடு ஏதும் இருக்கிறதா என்றும் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

முடிந்தால் உலோக ஸ்டென்ட்டே வையுங்கள். பயாப்சி முடிவு கையில் இருக்கிறது, கீமோ பல மாதம் நடக்கப் போகிறது. நடுவில் பிளாஸ்டிக் அடைத்துக் காய்ச்சல் வந்தால் கீமோவும் நின்றுபோகும். பின்னால் ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் உலோக ஸ்டென்ட் இடைஞ்சலா என்ற பயம் சிலருக்கு உண்டு. குட்டையான ஸ்டென்ட்டாக வைத்தால் பிரச்சினை இல்லை, அறுவை மருத்துவர் அதையும் சேர்த்தே எடுத்துவிடுவார். சவ்வு போர்த்தியதா, போர்த்தாததா என்பதை ஈ.ஆர்.சி.பி. செய்கிறவரிடம் விட்டுவிடுங்கள். பித்தப்பை எங்கே சேர்கிறது என்று படம் பார்த்துத்தான் அவர் தீர்மானிக்க முடியும். பிளாஸ்டிக்தான் கட்டுபடியாகும் என்றால் அதுவும் பரவாயில்லை, மாற்ற வேண்டிய தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். மூன்று மாதத்தில் வரச் சொன்ன ஒருவர், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எட்டு மாதம் கழித்து, நினைவு தப்பிய நிலையில் தூக்கிக்கொண்டு வரப்பட்டார். பிழைத்தார், ஆனால் ஐ.சி.யு.வில் பதினோரு நாள்.

ஒரு விதிவிலக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். இதே நோயில் கட்டியை உடனே ஆபரேஷனில் எடுக்க முடிகிறவர்களுக்குப் பல சமயம் ஸ்டென்ட்டே வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில், காமாலை மிதமாக இருந்தவர்களுக்கு முதலில் ஸ்டென்ட் வைத்துவிட்டு ஆபரேஷன் செய்தபோது பெரிய சிக்கல்கள் 74 சதவீதம், நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களுக்கு 39 சதவீதம். உங்கள் அப்பாவின் நிலை அதுவல்ல. பக்கத்து வீட்டுக்காரர் "எங்க மாமாவுக்கு ஸ்டென்ட் வைக்காமலே ஆபரேஷன் பண்ணாங்களே" என்று குழப்பினால் சொல்வதற்காக எழுதினேன்.

ஈ.ஆர்.சி.பி.க்கு முன்னால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்து வைட்டமின் கே ஊசி போடுவார்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்த அன்று வயிறு வலித்து முதுகுக்குப் போனால் கணைய அழற்சியாக இருக்கலாம், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அதை மறைக்க வேண்டாம். நூறு பேரில் சிலருக்கு வரும், பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். எண்டோஸ்கோப் வழியாக முடியாமல் போனால் விலா எலும்புக்கு இடையில் தோல் வழியாகக் குழாய் வைத்துப் பித்தநீரை எடுக்கலாம், எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் வழியாகவும் செய்யலாம். ஒரு கதவு மூடினால் வேறு கதவு இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ கண் மறுபடி மஞ்சளானாலோ பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் கிளம்புங்கள். ஸ்டென்ட் அடைத்திருக்கும், ஆன்டிபயாடிக் ஏற்றி அடைப்பை நீக்க வேண்டும். கீமோ நடக்கும்போது இது இன்னும் அவசரம். சாப்பாட்டில் பத்தியம் வேண்டாம். காமாலைக்காரருக்கு எண்ணெய் ஆகாது, மோர் சாதம் மட்டும்தான் என்று அத்தைமார்கள் வருவார்கள், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவருக்கு வேண்டியது முட்டை, மீன், பருப்பு, நல்ல சோறு. மலம் எண்ணெய் மாதிரி மிதந்து ஒட்டினால் கணைய நொதி மாத்திரை எழுதிக் கேளுங்கள். அதை முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் வீண். சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள், கணையம் கெட்டால் அது தாறுமாறாகும். முதுகு வலி இருந்தால் வாயை மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, நரம்பு முடிச்சில் ஊசி போடும் முறை இருக்கிறது. வலி நிவாரணப் பிரிவைக் கடைசிக் காலத்தில் போகிற இடம் என்று நினைக்காமல் முதல் மாதமே ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் கடைசி வரியில் எழுதியதற்கும் பதில் சொல்கிறேன். முப்பது வருஷம் பஸ்ஸில் கூட்டத்தைச் சமாளித்த மனிதர், ஆளைப் பார்த்தே டிக்கெட் எடுத்தாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். கல் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தை அவர் படித்திருக்க மாட்டாரா? கீமோ வார்டில் போய் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் பக்கத்துக் கட்டில்காரரே சொல்லிவிடுவார். அதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "அப்பா, டாக்டர் சொன்னதை முழுசா சொல்லவா, கொஞ்சமா சொல்லவா?" என்று கேட்டுவிட்டு அவர் காட்டுகிற வழியில் போங்கள். வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். கேட்டால், கட்டி இருக்கிறது, கெட்ட கட்டி, அடைப்பை எடுத்துவிட்டு மருந்து தரப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். எத்தனை மாதம் என்ற கணக்கை அவராகக் கேட்டால் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கு, பத்திரம், யாரையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை என்று அவருக்கும் செய்ய வேண்டியவை இருக்கும்.

அண்ணன் மேல் கோபப்படாதீர்கள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கையில் இருப்பது போன் மட்டும்தான், அதில் தேடுவதுதான் அவர்களால் முடிந்த சேவை. இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவிட்டு, விசாரித்தது போதும், டிக்கெட் போட்டு வரச் சொல்லுங்கள். ஈ.ஆர்.சி.பி. அன்றைக்கு ஒருவர் அப்பா பக்கத்திலும் ஒருவர் பில் கவுன்டரிலும் நிற்க ஆள் வேண்டும்.